ஹஜ்ரத்திடம் நான் சொல்லாமல் விட்டது

அக்கா மவுத்தான காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள்: அக்காவின் கணவரான மச்சான். அம்மா. மச்சானின் தாயார், நாங்கள் மாமி என்று அழைப்பவர். ஜோகுபாளையத்தில் அக்காவின் பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா, இடுப்பில் கைக்குழந்தையோடு. டெம்போ ஸ்டாண்டிலிருந்து ரத்தம் கொடுக்க வந்த முனிராஜ், சேகர், ஆரோக்கியம். அப்புறம் நான், அக்காவின் ஒரே தம்பி. மூன்று பெண் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். நான்காவது பிள்ளை உள்ளே இருந்தது. அது பிறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நான் ஆறாவது வரை படித்தவன். ஆஸ்டின் டவுனில் ஆட்டோ சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. அக்காவின் வருஷ பாத்திஹாவுக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்று மச்சான் சொன்னார். "நீதான்டா எழுதணும்" என்றார். ஏன் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறேன்.

அக்கா ஆனேக்கலில் பிறந்தார். அத்தா மெத்தை தைப்பவர். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு வயது இருக்கும்போது அத்தா இறந்தார்கள். அம்மா எங்களை பெங்களூருக்கு அழைத்து வந்தார்கள். நான் படிக்க வேண்டும் என்று அக்கா பள்ளிக்கூடத்தை விட்டார். நானும் ஆறாவதைத் தாண்டவில்லை. அதை ஒருநாளும் அவர் குத்திக்காட்டியதில்லை.

காவிரிக் கலவரம் நடந்த வருடம் அக்காவுக்குக் கல்யாணம். ஓசூர் பக்கமிருந்து வரவேண்டிய சொந்தக்காரர்கள் வர முடியவில்லை. பிரியாணி பாதி தேக்சா மீந்துவிட்டது. கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்கா என்னைக் கூப்பிட்டார். தெருவில் பயந்து கதவைச் சாத்தியிருந்த எல்லா வீட்டுக்கும், தமிழ் வீடு கன்னட வீடு பார்க்காமல், கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கொடுத்தேன்.

மச்சான் டெம்போ ஓட்டுகிறவர். அக்கா வீட்டிலேயே சமோசா மடிக்கிற மாவுப் பட்டி தேய்த்து பேக்கரிகளுக்குக் கொடுத்தார். நோன்பு மாதத்தில் ஆர்டர் கூடி மணிக்கட்டு வீங்கிவிடும். கோபம் வந்தால் அழுத்தித் தேய்ப்பார். அன்று பட்டி மெல்லிசாக வரும். "வீட்ல சண்டையாம்மா? இன்னிக்கு பட்டி சூப்பர்" என்பார் பேக்கரிக்காரர். "தெனமும் சண்ட போடச் சொல்றீங்களாண்ணே?" என்று அக்கா கேட்பார்.

மூன்று பிள்ளைகளும் சிசேரியன். மூன்றாவதில் ரத்தம் நிற்கவில்லை. பிழைத்ததே பெரிது. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா என்னையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொண்ணு வந்தா உன் உசுருக்கு கேரண்டி இல்லம்மா. ஆபரேஷன் பண்ணிக்கோ. வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு சீக்கிரம் வா."

மச்சான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமிதான் பயந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, அடக்கத்துக்கு முன் தொழுகிற ஜனாஸா தொழுகை கிடையாது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களில் பலர் இப்படிச் சொல்வார்கள்.

"மவுத்தானாத்தானே மாமி தொழுகை? மவுத்தாகாம இருக்கத்தானே ஆபரேஷன்?" என்று அக்கா சிரித்தார். ஆனாலும் அவருக்கும் உள்ளே பயம் இருந்தது.

"மார்க்கத்துல என்ன இருக்குன்னு கேட்டுட்டுச் செய்வோம்" என்றார் மச்சான். அவர்கள் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் உருதுக்காரர். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் தமிழ். மச்சான் அன்று சேலத்துக்கு லோடு எடுத்துப் போக வேண்டியிருந்தது. "நீ போய்க் கேட்டுட்டு வாடா. அவரு சொல்றபடி செஞ்சிருவோம்" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து போனேன். ஹஜ்ரத் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து பேர். எல்லோரும் என் கடைக்கு வருகிறவர்கள். அக்காவின் உடம்பைப் பற்றி அத்தனை ஆண்கள் முன்னால் பேச எனக்கு வாய் வரவில்லை. தனியாகப் பேசவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யலாமா ஹஜ்ரத்?"

"என்ன பாய், ஒண்ணப் பெத்ததுமே கடைய மூடுறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அப்போது ஒரே பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள்.

ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "அடியோட நிறுத்துறது கூடாது தம்பி. என்ன காரணமா கேக்குறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

"யாருக்காச்சும் உடம்பு முடியலியா?"

"இல்ல ஹஜ்ரத்."

ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"கூடாதுன்னுட்டாருக்கா."

"டாக்டரம்மா சொன்னதச் சொன்னியாடா?"

"சொன்னேன்."

"ரத்தம் நிக்காம போனத?"

"எல்லாம் சொன்னேன்."

"சரி. படிச்சவரு சொல்றாரு" என்று மாவை உருட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. காப்பர்-டியாவது வைத்துக்கொள் என்று நர்ஸ் சொன்னபோதும், "அதுவும் கூடாதாத்தான் இருக்கும்" என்று மறுத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து நான்காவது தங்கியது. எட்டாம் மாதம், விடிகிற சுபுஹு நேரத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. மச்சான் டெம்போவிலேயே கொண்டு போனார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "மாவு பெசஞ்சு வெச்சிருக்கேன்டா. புளிச்சிரும். லட்சுமிகிட்ட எடுத்து வெக்கச் சொல்லு" என்றார். என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. லட்சுமி அக்கா எங்களோடு வந்துவிட்டதால் மாவு புளித்துப் போயிற்று.

ஜனாஸா தொழுகையை எங்கள் ஹஜ்ரத்தே நடத்தினார். அடக்கம் முடிந்து கபர்ஸ்தான் வாசலில் நின்றோம்.

"டாக்டர் முன்கூட்டி எதுவும் சொல்லலியா?" என்று ஹஜ்ரத் கேட்டார்.

"சொன்னாங்க ஹஜ்ரத். நீங்கதான் கூடாதுன்னு சொல்லிட்டீங்க" என்றார் மச்சான்.

ஹஜ்ரத் திரும்பி என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்க கேட்டது இவங்களுக்கா தம்பி? காரணம் என்னன்னு கேட்டேனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மச்சானுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஹஜ்ரத் என்னை ஏசவில்லை. மச்சானின் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார். "பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவுல எட விடுறத நபித்தோழர்களே செஞ்சிருக்காங்க. புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் சம்மதிச்சா அதுக்குத் தடை இல்லேன்னுதான் ஆலிம்கள் நெறைய பேரு சொல்றாங்க. காரணமில்லாம அடியோட அடைச்சிக்கிறதத்தான் கூடாதுங்கறோம். தாய் உசுருக்கு ஆபத்துன்னு நம்பிக்கையான டாக்டரே சொன்னா, உசுரக் காப்பாத்துறதுதான் மொதல்ல." மாமியிடம் சொல்லச் சொல்லி இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் ஜனாஸா தொழுகை உண்டு. முஸ்லிமாக மவுத்தான எல்லோருக்கும் உண்டு.

மாமியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

மச்சான் நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் கடைக்கு வந்தார். தைத்து வைத்திருந்த ஆட்டோ சீட் மேல் உட்கார்ந்தார். "நானே போயிருக்கணும்டா" என்றார். அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. கடைசிப் பிள்ளையும் பெண். நன்றாக இருக்கிறது. லட்சுமி அக்கா தன் பிள்ளையோடு சேர்த்து அதற்கும் மூன்று மாதம் பால் கொடுத்தார். எங்கள் மார்க்கப்படி அவர் இனி அதற்குத் தாய். அவர் மகன் அதற்கு அண்ணன். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை தெரியாது. ரத்தம் கொடுத்த முனிராஜ், சேகர், ஆரோக்கியம் மூவருக்கும் நன்றி. கடைசிவரை போராடிய டாக்டரம்மாவுக்கு நன்றி. குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்திய பெண்களுக்கு நன்றி. அக்காவுக்காக எல்லோரும் துஆ செய்யுங்கள்.

இந்த மாதிரி விஷயத்தை ஹஜ்ரத்திடம் கேட்க யாருக்காவது வெட்கமாக இருந்தால் என் கடைக்கு வாருங்கள். கூட வருகிறேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் நான் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லி வருகிறேன்.

இந்த ஒரு வருடத்தில் வந்தவர்கள் இரண்டு பேர்.