சிவப்பு மருந்தும் இராசமலரின்ரை பதினொரு கோழியளும்

கடற்கரையூர் மயிலிட்டியிலையிருந்து இராசமலர் சண்டையாலை இடம்பெயர்ந்து உரும்பிராய்க்கு வந்தது தொண்ணூறாம் ஆண்டு ஆனியிலை. தலையிலை ஒரு மூட்டை. அதுக்குள்ளை சட்டி பானை இல்லை, பழைய மீன்வலை. எங்கடை ஊர்ச் சனம் அதைப் பாத்துச் சிரிச்சது. "இஞ்சை எங்கை பிள்ளை கடல்? கிணத்துக்கையோ வீசப்போறாய்?" எண்டு கேட்டவை இப்பவும் இருக்கினம். பேர் சொல்லத் தேவையில்லை, அவையளுக்கே தெரியும்.

புருசன் முருகேசுவுக்குக் கடலுக்குப் போகத் தடை. சைக்கிளிலை அரியாலைக்குப் போய்க் களப்பிலை வலை வீசி, கிடைக்கிற பொடிமீனைக் கொண்டு வருவார். ஒரு வாழைத்தோட்டத்து மூலையிலை கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தவை.

அடுத்த வருசம் எங்கடை கோழிச் சங்கம் இடம்பெயர்ந்த பொம்பிளையளுக்கு ஆளுக்குப் பன்ரண்டு வெள்ளைப் பேடு குடுத்தது. நான் அந்தச் சங்கத்தின்ரை செயலாளர். ஆனபடியால் என்ரை பிழையையும் சேத்துத்தான் எழுதுறன். தலைவர் ஆழ்வாப்பிள்ளை, புகையிலைத் தோட்டக்காரர். அவர் ஒரு நிபந்தனை போட்டவர். மூண்டு மாதத்தாலை வந்து பாப்பம், கோழி காயப்பட்டோ மெலிஞ்சோ நிண்டா எல்லாத்தையும் திருப்பி எடுத்து வேறை ஆக்களுக்குக் குடுப்பம். அந்த "வேறை ஆக்கள்" பட்டியலிலை முதல் பேர் அவரின்ரை தங்கச்சியின்ரை மகள்.

சங்கம் குடுத்த கூடு நாலடிக்கு மூண்டடி. பன்ரண்டு கோழிக்கு! அரசாங்கம் சாமான் வரத் தடை போட்டு, கோழித்தீனும் நிண்டு போச்சு. தவிட்டைக் குழைச்சு வைச்சா அதிலை என்ன சத்து? இடமுமில்லை, சத்துமில்லை, கொத்துறதுக்கு வேறை ஒண்டுமில்லை. ஒண்டையொண்டு கொத்தத் தொடங்கிச்சுதுகள். வால் அடியிலை இறகு போய், தோல் போய், சதை தெரியிற அளவுக்குக் கொத்து. ஒண்டு செத்துப் போச்சு.

நான் போன நேரம் இராசமலர் காயத்துக்குச் சிவப்பு மருந்து பூசிக்கொண்டு நிண்டவ. பிள்ளையள் முழங்காலை உரசிக்கொண்டு வந்தா எங்கடை வீடுகளிலை எதைப் பூசுவமோ, அதேதான். சங்கம் கோழியோடை குடுத்த துண்டுப்பிரசுரத்திலையும் அப்பிடித்தான் போட்டிருந்தது.

"அண்ணை, உதை எழுதினவர் கோழியைக் கண்டவரோ?" எண்டு கேட்டா.

"நான்தான் எழுதினனான்."

அவ சிரிக்கேல்லை. "அப்ப இதிலை நிண்டு பாருங்கோ."

காயமே இல்லாத ஒரு பேட்டைப் பிடிச்சு, அதின்ரை வெள்ளைச் செட்டையிலை அந்த மருந்தை ஒரு பொட்டுப் போலை வைச்சு விட்டா. கண் மூடித் திறக்கிறதுக்கிடையிலை நாலு கோழி ஓடி வந்து அந்த இடத்தைக் கொத்திச்சுதுகள்.

"காயத்தை இல்லை அண்ணை, சிவப்பைத்தான் கொத்துதுகள். கடலிலை ரத்தத்தைக் கண்ட மீன் விடுமே? நாங்கள் மருந்து எண்டு பூசிப் பூசி, இந்தா கொத்து எண்டு காட்டி விட்டிருக்கிறம்."

எத்தினை வீட்டுக்கு அந்தத் தாளைக் குடுத்தனான்.

அண்டைக்குப் பின்னேரம் ஆழ்வாப்பிள்ளையும் வந்தார். கூட்டை எட்டிப் பாத்திட்டு, "கத்தியைக் காய்ச்சிச் சொண்டை வெட்டி விடு" எண்டார்.

"வெட்டினா என்னத்தாலை ஐயா தின்னுறது?"

"கடற்கரைச் சனத்துக்குக் கோழி வளக்கத் தெரியுமே? கொத்துற கோழிக்குச் சொண்டும் கதைக்கிற பொம்பிளைக்கு நாக்கும் கொஞ்சம் கட்டைதான் நல்லது. இன்னும் மூண்டு கிழமை இருக்கு. சாக்கோடை வருவன்."

இதைச் சொன்னவர் எங்கடை தலைவர். பொம்பிளையளின்ரை முன்னேற்றம் எண்டு மேடையிலை மணித்தியாலக் கணக்காக் கதைக்கிறவர்.

அந்த மூண்டு கிழமையும் அவ செய்ததைச் சொல்லுறன். காயப்பட்டு நிண்ட மூண்டு கோழியையும் முதல் பிரிச்சா. உப்புத்தண்ணியாலை கழுவி, பானை அடிக்கரியை வேப்பெண்ணெயிலை குழைச்சுக் காயத்தைச் சுத்தி அப்பினா. சிவப்பு மறைஞ்சு போச்சு. மற்றதுகள் வந்து கொத்தினாலும் வாய் கைச்சு, தலையை உதறிக்கொண்டு போச்சுதுகள். பேந்து, கொத்தைத் தொடக்கி வைக்கிற பேடு எது எண்டு ஒரு முழுப்பகல் குந்தியிருந்து பாத்தா. தடிச்ச கொண்டைக்காரி ஒண்டு. அதைப் பிடிச்சு நாலு நாள் பனையோலைக் கடகத்துக்குக் கீழை தனிய வைச்சா. திரும்ப விட்ட நேரம் அது புதுசா வந்த கோழி மாதிரி ஒதுங்கி நிண்டுது.

ஊர் சிரிச்ச அந்த வலையை வேப்பமரத்தைச் சுத்தி வேலி மாதிரிக் கட்டி, கூட்டைத் திறந்து விட்டா. முருகேசு கொண்டு வாற மீன்தலையளைக் காயவிட்டு இடிச்சுத் தவிட்டோடை சேத்தா. முருங்கையிலைக் கொத்தை எட்டியும் எட்டாத உயரத்திலை கட்டித் தொங்கவிட்டா. நாள் முழுக்க அதுகள் துள்ளித் துள்ளி அதைத்தான் கொத்தினதுகள். காயம் ஆறின மூண்டையும் ஒண்டொண்டா விடேல்லை, சேத்து விட்டா. தனிய விட்டா மற்றதுகள் பாயுமாம்.

சொன்ன நாளிலை ஆழ்வாப்பிள்ளை ரெண்டு சாக்கோடை வந்தார்.

"இதென்ன, கோழிக்குக் கரி பூசி வைச்சிருக்கிறாய்?"

"பிடிச்சுப் பாருங்கோ ஐயா."

பிடிச்சார். கரிக்குக் கீழை தோல் மூடி, குருத்திறகு முளைச்சிருந்தது. மற்றதையும் பிடிச்சார். பதினொண்டையும் பிடிச்சுப் பாத்தார், ஒண்டிலையாவது குறை கிடைக்காதோ எண்டு. கை ரெண்டும் கரியும் வேப்பெண்ணெயும். சாக்கை மடிச்சு சைக்கிள் கரியரிலை வைச்சுக்கொண்டு போனார்.

அதோடை முடிஞ்சுது எண்டு நினைச்சன். அடுத்த கூட்டத்திலை எழும்பி நிண்டு வாசிக்கிறார், கரியும் வேப்பெண்ணெயும் "சங்கம் கண்டுபிடிச்ச வைத்தியம்" எண்டு. புதுத் துண்டுப்பிரசுரத்துக்கு அடியிலை அவரின்ரை பேர். என்னைக் கேக்காமலே அச்சடிச்சுப் போட்டார்.

பின் வாங்கிலிலை இருந்த இராசமலர் எழும்பினா. "என்ரை பேர் போடத் தேவையில்லை ஐயா. கடற்கரைச் சனத்துக்குக் கோழி வளக்கத் தெரியாது எண்டு என்ரை வீட்டு முற்றத்திலை வைச்சுச் சொன்னனீங்கள். அதை இதிலை வைச்சுத் திருப்பி எடுங்கோ."

அவர் தொண்டையைச் செருமிப்போட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். நான் இடையிலை எழும்பி, "முதல் அவவுக்குப் பதிலைச் சொல்லும்" எண்டன். நேரமில்லை எண்டார்.

இராசமலர் வெளியிலை போனா. கோழி வாங்கின மற்றப் பொம்பிளையள் ஆறு பேரும் எழும்பி அவவுக்குப் பின்னாலை போச்சினம். அந்த ஆறு பேரிலை முன்னுக்குப் போன நாகேஸ்வரி கையிலை இருந்த பிரசுரத்தைத் தலைவரின்ரை மேசையிலை வைச்சிட்டு, "நாங்கள் அவவின்ரை முற்றத்திலை போய்ப் பாத்துப் பழகுறம்" எண்டா.