பாஞ்சாலையின் அம்புகள்

உளியைப் பாறையில் வைத்துவிட்டுப் பாஞ்சாலை ஒருமுறை சுற்றும் முற்றும் பார்ப்பாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சுத்தியல் இறங்கும். திருட்டு வேலை செய்கிறவளுக்கு இருக்கும் கூச்சம் அது. அவள் செதுக்கி எடுப்பதோ அவளே தன் கையால் வரைந்த அம்புக்குறியை. அதற்கு யாரிடமும் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் பார்ப்பாள்.

ஐம்பத்திரண்டு வயது. புடவைக்கு மேலே, இறந்துபோன கணவனின் முழுக்கைச் சட்டையை மாட்டியிருப்பாள். அதன் பையில் பொரிகடலையும், வழியில் பொறுக்கிய மிட்டாய்த் தாள்களும் கலந்து கிடக்கும். செருப்பு வைத்திருக்கிறாள், தார் ரோட்டில் மட்டும்தான் போடுவாள். மண் பாதை தொடங்கியதும் கழற்றி மூட்டையில் செருகிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "காட்டுல காலுதாங்க பாக்குது. ரோட்டுல பாக்குறதுக்கு இன்னா கீது?" என்பாள்.

ஜவ்வாது மலையில் அவளுக்குச் சாமை விளையும் கொஞ்சம் நிலமும் நான்கு புளியமரமும் உண்டு. சனி ஞாயிறுகளில் நகரத்திலிருந்து மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போவாள். அவர்களுக்கு அவள் வைத்த பெயர் 'பைக்காரங்க'. "ஒரு பகலு நடக்கறதுக்கு வூட்டையே முதுகுல தூக்கிக்கினு வர்றாங்க பாவம்" என்று அங்கலாய்ப்பாள். கேலியாகச் சொன்னாலும் அவர்கள் மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது. பாதி ஏற்றத்தில் மூச்சிரைத்து நிற்கிறவர்களைப் பார்த்து, "இதோ வந்துடுச்சி, அந்தத் திருப்பம்தான்" என்று தைரியம் சொல்லியே மூன்று மைல் கூட்டிப்போய்விடுவாள். பொய் என்று தெரிந்ததும் அவர்களும் சிரித்துவிடுவார்கள்.

நடையில் அவளுக்கென்று சில விதிகள் உண்டு. போகும்போது முன்னால் போவாள். திரும்பும்போது கடைசியில்தான் வருவாள். யாராவது பாட்டுப் பெட்டியைத் திருகினால் திட்ட மாட்டாள். நின்றுவிடுவாள். பாட்டு நிற்கும் வரை கால் எடுத்துவைக்க மாட்டாள். ஒருமுறை வேலூர்க்காரர் ஒருவர் வீம்புக்கு மூன்று பாட்டு போட்டார். மூன்றும் முடிகிற வரை அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து கால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான்காவது பாட்டுக்கு அவருக்கே சலித்துவிட்டது.

அந்த மலையில் நடக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், போகக்கூடாத பக்கத்தில் ஒரு தழைக் கொப்பை ஒடித்துக் குறுக்கே போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்வான். தழை பச்சையாக இருந்தால் ஆள் இப்போதுதான் போயிருக்கிறான். வதங்கியிருந்தால் காலையில் போயிருக்கிறான். காய்ந்து சருகாகியிருந்தால் அந்தச் செய்திக்கு ஆயுள் முடிந்தது; நீயே பார்த்து நட. அடுத்தவன் வந்து புதுத் தழை போடாவிட்டால் வழியை யாருக்கும் சொல்லாமல் காடு மூடிக்கொள்ளும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வேலூரிலிருந்து சிவசங்கர் என்பவர் ஒரு நடைக்குழுவோடு வந்தார். நல்ல மனிதர். காட்டில் ஒரு காகிதம்கூடப் போட மாட்டார். மற்றவர்கள் போட்டதையும் பொறுக்குவார். அவர் குழுவில் வந்த ஒரு தம்பதி, ஊமைச்சுனைக்குப் போகும் வழியில் பின்தங்கி, காய்ந்த தழையைக் கவனிக்காமல் வேறு பக்கம் இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் அரை நாள் தேடினார்கள். இருவரையும் கண்டுபிடித்தபோது அந்தப் பெண் பாஞ்சாலையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாஞ்சாலைக்கு மனசு கேட்கவில்லை. சிவசங்கரிடம் அவளேதான் சொன்னாள்:

"தழ வாடிப்பூடுது சார். பெயிண்டு வாங்கியாங்க. அது வாடாது."

போளூரிலிருந்து ரோட்டில் கோடு போடும் வெள்ளைப் பெயிண்ட் ஒரு டின் வந்தது. இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்து பாறை பாறையாக அம்பு போட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் போட்ட அம்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணலாக, ஆனால் சந்தேகமில்லாமல், சுனையைக் காட்டியது. ஊர்ப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். "இனிமே ஒருத்தரும் தொலைய மாட்டாங்க" என்றாள். சொன்னபடியே ஒருவரும் தொலையவில்லை.

ஊமைச்சுனை பெரிய இடம் ஒன்றும் இல்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் கசிந்து, ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குத் தேங்கி நிற்கும். கோடையில் அந்தச் சரிவு முழுக்கத் தண்ணீர் இருப்பது அங்கே மட்டும்தான். விடியலிலும் பொழுது சாயும்போதும் கரடிகள் வந்து குடித்துவிட்டுப் போகும். மனிதர்கள் அந்த இரண்டு வேளையும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். பேசி வைத்துக்கொள்ளாத உடன்பாடு அது, எத்தனையோ தலைமுறையாகச் சரியாகவே நடந்துவந்தது.

அம்பு போட்ட பிறகு முதல் வருடம் பத்துப் பேர் வந்தார்கள். அவள் கூடவே போனாள். அடுத்த வருடம் அவள் இல்லாமலே வந்தார்கள். அம்பு இருக்கும்போது அவள் எதற்கு? அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. பிறகு கூடாரம் வந்தது. விடியலில் தண்ணீருக்குள் கால் விட்டுப் படம் எடுத்தார்கள். பொழுது சாயச் சோப்புப் போட்டுக் குளித்தார்கள். ஒருநாள் சுனையின் மேல் நுரை நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு முழுதும் அவள் சாப்பிடவில்லை. வனத்துறையில் போய்ச் சொன்னாள். அவர்களும் வந்து, அனுமதி இல்லை என்று பலகை நட்டார்கள். பைக்காரர்கள் அந்தப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டும் படம் எடுத்தார்கள்.

போன பங்குனியில் கரடி ஊருக்குள் இறங்கியது. அவள் கொழுந்தன் கோவிந்தன், மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததை எருமைக்கன்று என்று நினைத்து அதட்டப் போனான். உயிர் பிழைத்தான். இடது கண் போய்விட்டது.

ஊரில் யாரும் பாஞ்சாலையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரடிக்கும் பெயிண்டுக்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. அவளேதான் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோவிந்தன் கட்டுப்போட்ட முகத்தோடு, "கரடி மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணி. தண்ணி இல்லன்னா அது எங்கதான் போவும்?" என்றான். அவன் தன்னைக் கன்னாபின்னாவென்று ஏசியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஏசாதது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அழிக்கத் தொடங்கினாள். முதலில் புளியைக் கரைத்துத் தேய்த்தாள். பாத்திரம் விளக்குகிற புளி பாறையை விளக்காதா என்ற நம்பிக்கை. பாறை பளபளவென்று ஆனது. அம்பு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். மணலும் கல்லும் வைத்து உரசினாள். கடைசியில் ஜமுனாமரத்தூர் சந்தையில் உளியும் சுத்தியலும் வாங்கினாள்.

உளியும் லேசில் வசப்படவில்லை. முதல் அம்பைக் கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் கொத்தி எடுத்தாள். பெயிண்ட் போயிற்று. அதன் இடத்தில் கல்லின் வெளிறிய உள்நிறத்தில் அதே அம்பு, முன்னைவிட ஆழமாக, சுனையைக் காட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கெட்டதுகூட எனக்குச் சுத்தமாத்தான் செய்ய வருது" என்றாள். பிறகுதான் சுற்றிலும் கன்னாபின்னாவென்று கொத்தி, மேலே சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசக் கற்றுக்கொண்டாள். ஒரு மழை பெய்தால் பாசி பிடித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு அம்புக்கு மேல் முடியாது. தோள் ஒத்துழைக்காது.

சுனைப் பக்கமிருந்து தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வந்தாள். கோவிந்தன் ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு அண்ணி இந்த வேல?" என்று கேட்டான். "இந்தக் கோடைக்குள்ள வழி மூடணும்" என்றாள். மறுநாள் உளி தீட்டப்பட்டு அவள் வாசற்படியில் இருந்தது.

மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு அம்புதான் பாக்கி. ரோட்டோரத்துப் பாறையில் போட்ட பெரிய அம்பு அது. ஆள் நடமாட்டம் இருக்கிற இடம் என்பதால் கூச்சப்பட்டுக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். வால் பக்கம் முடித்து முனைக்கு வந்தபோது, பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும். சுவேதா என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, ஊமைச்சுனைக்கு இந்த வழிதானே?"

பாஞ்சாலை உளியை மடியில் மறைத்துக்கொண்டாள். வழி கேட்டவருக்குப் பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. மூன்று மைல் நடையை அடுத்த திருப்பம் என்பது வேறு.

"அங்க வழி இல்லம்மா. அடைஞ்சிப்பூடுச்சி. அம்புகூட ஒண்ணும் கிடையாது பாரு."

"அம்பெல்லாம் வேண்டாம் அக்கா, இதுல இருக்கு" என்று சுவேதா போனைக் காட்டினாள். மரியாதையான பெண். அக்கா நன்றாகப் பார்க்கட்டும் என்று போனைத் தாழ்த்திப் பிடித்தாள்.

பச்சை நிறத்தின் மேல் ஒரு நீலக்கோடு. பாஞ்சாலைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டைப் படிப்பதற்கு எழுத்து தேவைப்படவில்லை. இது நாவல் மரத்து வளைவு. இது மூச்சு வாங்கும் ஏற்றம். நடுவில் காரணமே இல்லாமல் கோடு பாதையை விட்டு விலகி, ஒரு சின்னச் சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து சேர்ந்தது. அது என்ன சுற்று என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அம்பு போட்ட அன்றைக்கு ஒரு ஆட்டுக்குட்டி புதருக்குள் மாட்டிக்கொண்டு கத்தியது. அதை எடுத்துவிடப் பாதையை விட்டு இறங்கினாள். சிவசங்கரும் பின்னாலேயே வந்தார், வழி முழுக்கப் போனைக் கையில் பிடித்தபடி. மணி பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள், வழியைப் பதிகிறார் என்று தெரியாமல்.

"இது எத்தினி பேருகிட்ட கீது?"

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம் அக்கா. ஆயிரக்கணக்குல எடுத்திருக்காங்க. பேருகூட வச்சிருக்காங்க பாருங்க, பாஞ்சாலை ட்ரெயில்னு. திரௌபதி அம்மன் பேருதானே அது? மேல கோயில் ஏதாவது இருக்கா?"

"கோயிலு இல்ல" என்றாள் பாஞ்சாலை. பிறகு, "இப்டி குடும்மா" என்று கையை நீட்டினாள்.

அவள் வீட்டிலும் மகள் வாங்கித் தந்த இதேபோல ஒரு போன் இருக்கிறது. எது அழியும், எது அழியாது என்பது தெரியாதவள் அல்ல. இருந்தும் சாணி அப்பிய கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கட்டைவிரலை அந்த நீலக்கோட்டின் மேல் வைத்துத் தேய்த்தாள். கோடு விரலோடு நகர்ந்ததே தவிர அழியவில்லை. விரல் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு மறுபடியும் தேய்த்தாள்.