செய்திப் படத்தில் வந்த மாமா

மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகிற ஆட்களில் ஒருவர் சட்டென்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. அவ்வளவுதான், அடுத்த காட்சியில் யாரோ ஒரு பெரிய மனிதர் சேலை வழங்க ஆரம்பித்துவிடுகிறார். முதுகுளத்தூர் டூரிங் டாக்கீஸில் சாமி படத்துக்கு முன்னால் ஓட்டிய செய்திப் படத்தில் இதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த அத்தை, அய்யாவின் ஒரே தங்கை, எழுந்து நின்று, "அண்ணே, அவுக! அண்ணே, அவுகதாண்ணே!" என்று கத்தினாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்.

அது மாமா, அத்தையின் புருசன். அவர் செத்துப்போய் வருடம் திரும்பியிருந்தது. மழை பொய்த்து மிளகாய்ச் செடியெல்லாம் கருகியதும், தனுஷ்கோடிக்கு மூட்டை தூக்கப் போனவர் அவர். ஊரையே கடல் கொண்டுபோன அந்த மார்கழிப் புயலுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அய்யா மண்டபம் வரை போய்த் தேடிவிட்டு வந்தார். பெரியவர்கள் சொன்னபடி வைக்கோலில் ஓர் ஆளைச் செய்து எரித்து, கருமாதி வைத்து, அத்தையின் தாலியைக் கழற்றினார்கள். தாலி அறுத்தவளுக்கு மறுபடி கட்டிவைப்பது எங்களுக்குள் வழக்கம்தான். பரமக்குடிப் பக்கம் ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளோடு கிடந்தார். வந்து பார்த்தார், பிடித்திருந்தது. அத்தையும் பல மாதம் யோசித்துச் சரியென்று தலையாட்டியிருந்தாள். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு. நாங்கள் படம் பார்க்கப் போனது மார்கழிக் கடைசியில்.

'புயலால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக நிவாரண அரிசி இறக்கப்படுகிறது' என்றது படத்தில் வந்த குரல். அரிசி இறக்கியது புயலுக்குப் பிறகுதானே! அப்படியென்றால் மாமா உயிரோடுதான் இருக்கிறார். கதைப் படத்தில் நடிப்பார்கள், செய்திப் படத்தில் நடந்ததைக் காட்டுவார்கள். எங்களுக்குத் தெரிந்த சினிமா அவ்வளவுதான். சட்டென்று எதையும் நம்பாத அய்யாவே, "பல்லு அவன் பல்லுதான்" என்றார். மறுநாளே கிளம்பி மண்டபம், ராமேஸ்வரம், தேவிபட்டினம் என்று கரையோரம் முழுக்க அலைந்தார். பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை, செத்துவிட்டான் என்று அடித்துச் சொல்லவும் ஆளில்லை.

அத்தை தானாகவே மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அம்மா தடுத்தபோது, "புருசன் உசுரோட இருக்கையில இன்னொருத்தருக்குக் கழுத்த நீட்டச் சொல்றீகளா மதினி?" என்றாள். பரமக்குடிக்காரர் நல்ல மனிதர். நேரில் வந்து, "தேடுங்க, அவசரமில்ல. அவுக கெடைச்சாலும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் பொறுத்தார். பிள்ளைகளுக்குச் சோறாக்க ஆள் வேண்டுமே! ஆவணியில் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா? "நமக்கெல்லாம் புருசன் வீட்டுல இருக்கான், இவளுக்குச் சினிமாத் துணியில இருக்கான்" என்று கிணற்றடியில் சிரித்தார்கள்.

அந்த ஆவணிக்குப் பிறகு வந்த பங்குனியில், அதே டாக்கீஸில், முதல் ஆட்டம். இந்தத் தடவை செய்திப் படத்தில் அணை, ஆலை, ரயில் எல்லாம் வந்தன. பிறகு, 'நமது துறைமுகங்கள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன' என்றது அதே குரல். மாமா வந்தார். அதே வரிசை, அதே மூட்டை, அதே திருப்பம், அதே சிரிப்பு. அத்தை கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். "முகத்தப் பாக்காத ஆத்தா. பின்னால பாரு" என்றாள். பின்னால் தூண் வைத்த ஒரு நீளக் கட்டடம் நின்றது. ஓர் ஆடி அமாவாசைக்கு மாமாவோடு தனுஷ்கோடி போனபோது, அந்தத் தூணடியில் உட்கார்ந்துதான் இருவரும் கட்டுச்சோறு தின்றார்களாம். "அந்தக் கட்டடந்தான் கடலுக்குள்ள போயிருச்சே. அது நிக்கிதுன்னா இது எப்ப எடுத்தது?" என்றாள். போன தடவை நாங்கள் எல்லோரும் முகத்தை மட்டுமே பார்த்திருந்தோம்.

என் மகன் இப்போது மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். ஒரு கல்யாணத்துக்காக வெட்டித் தயாரித்த கோபுரம், மேகம், கொட்டுமேளக் காட்சிகளை அடுத்த கல்யாணத்தில் அப்படியே செருகுகிறான். "ஒருதடவ நல்லா எடிட் பண்ணி வச்சுட்டா எந்த புராஜெக்ட்ல வேணாலும் தூக்கிப் போட்டுக்கலாம்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் ஒருநாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. அத்தை கதையைச் சொன்னேன். "அந்தப் படத்த ஒட்டுனவங்க வேணும்னு செய்யலையேம்மா" என்றான். உண்மைதான். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு மூட்டை தூக்குகிற ஆட்கள் தேவைப்பட்டார்கள். புயலுக்கு முன்னால் எடுத்த துண்டு ஒன்று கைவசம் இருந்தது. அரிசிக்கும் ஒட்டினார், துறைமுகத்துக்கும் ஒட்டினார். அவருக்கு என் அத்தையைத் தெரியாது. இது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மன்னிக்க மனம் வரவில்லை.

இரண்டாம் தடவை படம் பார்த்த மறுநாள் காலை, அத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் கயிறும் இல்லை. அய்யா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் போய் நின்றாள். குரலில் அழுகை இல்லை. கடையில் உப்பு வாங்கணுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அண்ணே, முந்தி வச்ச கருமாதியே போதுமா, இல்ல இன்னொருக்க வைக்கணுமா?"

அய்யா கும்பாவைக் கீழே வைத்தார். அத்தை பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.