ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி நெருங்கினால் அவள் கனமான போர்வையை எடுத்து நாற்காலியில் போட்டுவிடுவாள். வெந்நீர் வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றுவாள். பிறகு கடிகாரத்தைப் பார்ப்பாள், புருஷன் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பாள். ஆறேகாலுக்குள் அவருக்குப் பல் கிட்டிக்கும். உடம்பு தூக்கிப் போடும். கழுத்தில் கை வைத்தால் சுடும். விடிய விடிய இருமிவிட்டு, திங்கட்கிழமை காலையில் எதுவுமே நடக்காதவர் போல எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார்.

"கிளைமேட் சரியில்ல," என்பார்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக் கெட்டுப்போகிற கிளைமேட்டை அவள் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன பம்பு, நின்றுபோன மின்விசிறி, எதைக் கொண்டுவந்து போட்டாலும் பிரித்து, கருகிய கம்பியை உருவியெடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்து ஓடவிடுவார். முப்பது வருஷம் ஒரே பட்டறை. ஆனால் தெருவில் யாரும் அவரைக் காயில்காரர் என்று சொல்லவில்லை. புறாக்காரர் வீடு எது என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

பதின்மூன்று வயதில் அப்பாவின் சைக்கிள் பம்பைக் கொடுத்து ஒரு ஜோடிப் புறா வாங்கினாராம். அடி வாங்கியது இவர், பம்பு போனது அப்பாவுக்கு, புறா மட்டும் நிலைத்துவிட்டது. கல்யாணமான மூன்றாம் நாள் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று எல்லோரையும் காட்டி முடித்தாயிற்றே, மேலே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஏறினாள். ஏறிப் பார்த்தால் முப்பது புறா.

எல்லாம் லக்கா. வாலை விசிறி மாதிரி விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து நிற்கிற ஜாதி. பறக்கச் சொன்னால் யோசிக்கும், நிற்கச் சொன்னால் ராஜா மாதிரி நிற்கும். வருஷத்துக்கு ஒரு தரம் பெரிய கூடத்தில் புறாக் கண்காட்சி நடக்கும். அதற்கு ஒன்றரை மாசம் முன்னாலேயே வீட்டில் ஆரம்பித்துவிடும். வாலில் ஒரு இறகு ஒடிந்திருந்தால் அப்போதே பிடுங்கிவிட வேண்டும், கண்காட்சிக்குள் புதுசு முளைத்துவிடும். காட்சிக் கூண்டிலேயே விட்டு, மெல்லிய குச்சியால் லேசாகத் தொட்டு நிற்கப் பழக்க வேண்டும். இரண்டு நாள் முன்னால் குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பூவில் குளிப்பாட்டு. பழைய பல் துலக்குகிற பிரஷால் கால் தேய்ப்பு. தான் பெற்ற மகளுக்குக்கூட ஒரு நாள் தலை பின்னி விடாத மனுஷன், புறாவின் கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துத் தேய்ப்பார்.

அங்கே ஜெயித்த கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன. பதினேழு. தூசி தட்டுவது அவள்.

தூசி என்றதும் சொல்ல வேண்டும். புறா சிறகடித்தால் வெள்ளையாக ஒரு மாவு பறக்கும். குளித்த தண்ணீரில் பால் ஆடை மாதிரி மிதக்கும். துணி காயப்போட்டால் துணியில், தண்ணீர்க் குடத்தைத் திறந்துவைத்தால் குடத்தில். அவள் திட்டும்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

"மாவு எவ்வளவு விடுதோ அவ்வளவு ஆரோக்கியம்டி. மாவு விடாத புறா சீக்குப் புறா."

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. அன்றைக்குத்தான் கூண்டு சுத்தம் செய்வார். காலை ஒன்பதுக்கு ஏறினால் காய்ந்த எச்சத்தைச் சுரண்டி, பெருக்கி, கூடு தட்டி, மதியம் ஒரு மணிக்குத் தலைமுடி, புருவமெல்லாம் வெள்ளையாக இறங்குவார். சாயங்காலம் காய்ச்சல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்னையே அறையலாம் போல இருக்கும்.

முதலில் பக்கத்து டாக்டரிடம்தான் போனார்கள். வயசானவர். என்ன வேலை என்று கேட்டார். வார்னிஷ் என்றதும் நிமிர்ந்தார்.

"வீட்டுல நாய், பூனை, பறவை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றார் இவர்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவளும் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

ஏன் ஆட்டினாள் என்றால், அது புறாக்காரர்களுக்குள் இருந்த ஒரு கட்டுப்பாடு. டாக்டரிடம் புறா பேச்சை எடுக்கவே கூடாது. அதைச் சொல்லிவைத்தவர் வாட்ச் கடைக்காரர். அவரும் நாற்பது வருஷமாகப் புறா வளர்க்கிறவர், இவருக்குக் கூட்டாளி, கண்காட்சியில் எதிரி.

"எது வேணா சொல்லு தங்கச்சி. புறாவை மட்டும் சொல்லிடாத. சொன்னா முதல்ல அதைத்தான் எடுக்கச் சொல்வாங்க. சோடாக்காரனுக்கு என்னாச்சுன்னு தெரியும்ல?"

எல்லோருக்கும் தெரியும். சோடா விற்றவர், அறுபது புறா வைத்திருந்தார். இருமல் என்று போனவரிடம் டாக்டர் புறாவை எடுக்கச் சொன்னார். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுத்தார். மூன்றாம் மாசம் போய்விட்டார். புறா ஏக்கத்தில் போய்விட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அது சட்டம்.

வார்னிஷ்தான் வினை, வேலையை விடு என்றார் டாக்டர். முப்பது வருஷ வேலையை விட்டார். வீட்டோடு உட்கார்ந்தார். உட்கார்ந்தால் போகட்டும், நேரம் போகவில்லை என்று தினமும் கூண்டு சுத்தம் செய்ய ஆரம்பித்தார். ஞாயிறு மட்டும் வந்த காய்ச்சல் செவ்வாய், வியாழன் என்று பரவியது. உடம்பு ஊசி நூல் மாதிரி இளைத்தது. மாடிப்படி பதினெட்டு. பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவார். கீழே சமையலறையில் அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்த மூச்சு மறுபடி கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்து நிற்பாள். அந்த இரண்டு நிமிஷத்தில் எத்தனை தரம் தாலி அறுந்திருக்கும் அவள் மனசில்.

அப்போதுதான் மகள் வீடு மாறினாள். சாமான் கட்ட உதவிக்கென்று இருவரும் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கினார்கள். புறாவுக்குத் தீனி போட வாட்ச் கடைக்காரர் வந்துபோனார். மகளுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் நாள் ஆறு தரம் நின்று ஏறினார். எட்டாம் நாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறினார். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அப்பளம் கேட்டார்.

நல்லதைப் பார்த்து யாருக்காவது பயம் வருமா. அவளுக்கு வந்தது.

வீடு திரும்பிய மறுநாளே மேலே ஏறினார். பன்னிரண்டு நாள் அழுக்கு, மூன்று மணி நேரம் சுரண்டினார். சாயங்காலம் ஆறு மணிக்குத் தூக்கிப்போட்டது பாருங்கள், கட்டிலே ஆடியது.

கேஸ் சிலிண்டர் வருகிற தேதியைக் குறித்துவைக்கிற காலண்டரில் அன்றிலிருந்து அவள் இரண்டும் குறித்தாள். கூண்டு சுத்தம் செய்த நாளுக்கு ஒரு கோடு, காய்ச்சலுக்கு ஒரு வட்டம். ஒரு மாசம். கோடு இருக்கிற கட்டத்தில் எல்லாம் வட்டம் இருந்தது. வட்டம் மட்டும் தனியாக ஒரு நாளும் இல்லை.

காலண்டரை மடித்துக்கொண்டு நேராக வாட்ச் கடைக்குப் போனாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்த சோடாக்காரர், புறாவைக் குடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை வருஷமா இருமினாரு?"

அவர் ஒரு கண்ணில் லென்ஸோடு நிமிர்ந்தார். "அது இருக்கும் ஒரு ஏழெட்டு வருஷம்."

"எட்டு வருஷம் இருமினது கணக்கில்ல. புறா இல்லாம இருந்த மூணு மாசம்தான் கொன்னுச்சா?"

அவர் லென்ஸைக் கழற்றித் துடைத்தார்.

"உன் வீட்டுக்காரன் கையிலேர்ந்து புறாவை எடுத்தா, அவன் இருப்பான்னு நினைக்கறியாம்மா?"

அதுதான். அவளுடைய பயமும் அதேதான். சொல்லாவிட்டால் மூச்சு நின்று போய்விடுவார். சொன்னால் மனசு விட்டுப் போய்விடுவாரோ. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைத் துணிதான் கண்ணில் பட்டது.

மகள் சண்டை போட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள். நெஞ்சுக்கான டாக்டர் சின்னப் பெண், மகள் வயசுதான் இருக்கும். குழாயில் ஊதச் சொன்னாள், படம் எடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண் சிரிப்பதை நிறுத்தினாள்.

"ஐயா, வீட்டுல பறவை எதாவது வளக்கறீங்களா? கோழி, கிளி, புறா?"

"இல்லம்மா."

"பக்கத்து வீட்டுல?"

"அங்கயும் இல்ல."

டாக்டர் எழுதப் போனாள். இவள் தன் கைப்பையைத் திறந்தாள். காலண்டரை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"இருக்கு டாக்டர். மொட்ட மாடில. அம்பத்திரெண்டு புறா."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. கோபம்கூட இல்லை. திருட்டுக் கொடுத்தவன் பார்வை. அவள் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்பத்திநாலு," என்றார். "போன வாரம் ரெண்டு குஞ்சு பொரிச்சிருக்கு."

மனுஷனுக்கு உயிர் போனாலும் போகட்டும், புறாக் கணக்கு தப்பக் கூடாது.

டாக்டர் அடக்கிப் பார்த்தும் முடியாமல் லேசாகச் சிரித்துவிட்டாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுப் பேசினாள். அந்த மாவுதான். எத்தனையோ பேருக்கு ஒன்றும் செய்யாது, சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தழும்பாகிவிடும். ஆன தழும்பு ஆனதுதான், போகாது. இனிமேல் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை தருகிறேன், ஆனால் புறா இருக்கிற வீட்டில் மாத்திரை வேலை செய்யாது.

"எத்தனை நாளைக்குள்ள எடுக்கணும்?" என்று அவர் கேட்டார்.

"நேத்தே எடுத்திருக்கணும்யா."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில். அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் பழக்க தோஷத்தில் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் வாட்ச் கடைக்காரர் மூங்கில் கூடைகளோடு வந்தார். பாதியை அவரே வைத்துக்கொள்வதாகவும் பாதியை மற்ற புறாக்காரர்களுக்குக் கொடுப்பதாகவும் பேச்சு. இவர் மேலே வரக்கூடாது. கீழே அறையில் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி திணித்துவிட்டாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அவளே மாடி ஏறினாள். மாவு பறக்காமல் இருக்கத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தாள். முப்பது வருஷம் திட்டித் தீர்த்த புறாவை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கையில் பிடித்தாள். சூடாக இருந்தது. உள்ளே இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டது. சனியனே, உனக்குமா பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

படியில் கூடை இறங்கும்போது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கறுப்பு வால் பெட்டைய ஜோடி பிரிச்சிடாதப்பா."

"பிரிக்கல."

"குஞ்சு இருக்கற கூட்டை அப்படியே தூக்கு. தட்டாத."

"எனக்குத் தெரியாதாடா?"

"போன வருஷக் கோப்பைக்காரன் எதுல இருக்கான்?"

"என் மடியிலயே வெச்சுக்கிட்டுப் போறேன், போதுமா? வர்ற கண்காட்சில உன் பேர்லயே நிறுத்தறேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. ஐம்பத்துநாலும் போயிற்று.

கடைசிக் கூடையைத் தூக்கும்போது வாட்ச் கடைக்காரர் இருமினார். ஒரு தரம். நிறுத்தி, மறுபடி.

"தூசி," என்றார்.

"அண்ணே, நீங்களும் ஒரு தடவ காட்டிடுங்க."

"எனக்கென்ன தங்கச்சி, கல்லு மாதிரி இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். பாதியில் நின்றுதான் இறங்கினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூண்டைக் கழுவி விட்டிருந்தாள், மாடி வெறிச்சென்று கிடந்தது. அவர் காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். மாத்திரையைக் கொடுத்தால் விழுங்கினார். ஒன்பது மணிக்கு மட்டும் எழுந்து படி வரைக்கும் போய், திரும்பி வந்து உட்கார்ந்தார். சோடாக்காரரின் மூன்று மாசம் அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்று. இன்னும் எண்பத்தொன்பது.

ஐந்தே முக்காலுக்குப் போர்வையை எடுத்து வைத்தாள். வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றினாள். ஆறு அடித்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த மூடி விழுந்து உருண்டது. போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மேலே போர்த்தி, விரலைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. நெற்றியில் வைத்தாள், நெஞ்சுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது உடம்பு. கன்னம் மட்டும் ஈரம்.

"காய்ச்சல் இல்லடி," என்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவளோடு முதல் பேச்சு. "சும்மா இரு. கொஞ்ச நேரம் சும்மா இரு."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுகை நடுவில் அவர் மூச்சு எங்கேயாவது சிக்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிக்கவில்லை. அழுகையும் நிற்கவில்லை.

ஏழு மணிக்கு எழுந்து காலண்டர் முன்னால் போனாள். அன்றைய கட்டத்தில் கோடு இல்லை. வட்டம் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல், பேனாவின் மூடியைத் திறந்தபடி வெகு நேரம் நின்றாள்.