முதல் சொல் அனுப்பும் குரூப்

மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது ஊரப்பாக்கத்தில் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். "லேட்டா பேசுற பிள்ளைங்கதான் பின்னாடி வாய் ஓயாம பேசும்." கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காதில் மெஷின் மாட்டிய பிறகும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சுப் பயிற்சிக்குத் தாம்பரம் போகும் நாட்களில், ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு மெயில் குரூப்பைத் திறப்பேன். என்னைப் போன்ற பெற்றோர்கள் நடத்தியது. படம் கிடையாது, வெறும் எழுத்து. ஒருவர் மெயில் போட்டால் எல்லாருக்கும் போகும், அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: என் பிள்ளை பேசுமா? பழைய மெயிலைப் பார் என்று யாரும் விரட்ட மாட்டார்கள். தங்கள் பிள்ளை பேசிய முதல் சொல்லை மட்டும் எழுதி அனுப்புவார்கள். நான் கேட்டபோது வந்தவை: காக்கா. பஸ்சு. தா. தோசை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சென்டர்காரர் பயந்துபோய், "இன்னாக்கா, மெயில் போவலியா?" என்றார்.

அதன்பின் யார் கேட்டாலும் எல்லாரும் சொல் அனுப்பினார்கள். என்னிடம்தான் அனுப்ப ஒன்றும் இல்லை. எனக்கு அப்படியொரு பொறாமை!

ஒருநாள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று அவளைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"போ!"

ஐயோ, என் கோபம் அப்படியே அவளுக்கும் இறங்கியிருக்கிறது! இட்லி தரையில் கிடக்க, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறினேன். அந்த ஒரு சொல்லைத் தட்டி அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு படம் போடுகிற சைட்டுகள் வந்தன. எங்கள் ஆட்களும் அங்கே ஓடினார்கள், நானும்தான். போன வாரம் எழுதியது அங்கே தேடினாலும் அகப்படாது. குரூப்பில் மெயில் குறைந்தது. ஆனால் காது மெஷின் விசிலடித்தால் என்ன செய்வது என்று எப்போதோ யாரோ எழுதியதுகூட அப்படியே இருந்தது.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது வீட்டில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒருநாள் படப்பையிலிருந்து ஒரு தாய் குரூப்பில் கேட்டிருந்தாள்: என் பையன் பேசுவானா? இப்போது யார் இதையெல்லாம் படிக்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் காக்கா வந்திருந்தது. தா வந்திருந்தது. தோசையும் வந்திருந்தது. எல்லாரும் இங்கேயேதான் இருந்திருக்கிறார்கள், பாவிகள்!

நான் தட்டப் போனேன். எட்டிப் பார்த்த மகள் என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"நகரும்மா. அது என் வார்த்தை. நான்தான் அனுப்புவேன்."