எழுதாமல் விட்ட சமயம்

போன கிழமை மருதனார்மடம் சந்தையில் ஒருவர் என்னை மறித்தார்.

மறித்தார் என்றால் உண்மையாகவே மறித்தார். சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உடுப்பிட்டியில் படிப்பிக்கிறவராம். தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் என்னைக் கண்டுகொண்டாராம். இந்தப் பத்தியை ஒரு கிழமை தவறாமல் வாசிக்கிறவராம்.

"பௌத்தத்தைப் பற்றி எழுதினியள். இஸ்லாத்தைப் பற்றி எழுதினியள். சமணத்தைக்கூட விடேல்லை. யூத சமயத்தை மட்டும் ஏன் விட்டனீங்கள்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேப்பர் தட்டுப்பாடு… இடம் காணாது" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். ஏன் நம்பமாட்டார்? பள்ளிப் பிள்ளைகளின் கொப்பித் தாளில் அச்சாகிற பத்திரிகையில் எதற்குத்தான் இடமிருக்கிறது?

ஆனால் நான் சொன்னது பொய். உண்மைக் காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முந்திய தவக்காலம் அது. எங்கள் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு வைத்தியர் குழு ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடிந்ததும் நான் அங்கே போய் அவர்களுக்கு மொழிபெயர்ப்பேன். அவர்களில் ஒருவர் பிரான்சிலிருந்து வந்த சத்திரசிகிச்சை வைத்தியர். ஐம்பது வயதிருக்கும். பெயர் மிரியாம். எங்கள் சனத்தின் வாயில் அது நாலே நாளில் மரியம் ஆகிவிட்டது. மரியம் டொக்டர்!

அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு சொல். "நோகுதோ?"

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வார்டையே சமாளித்தார். காலிழந்தவரிடம் நோகுதோ. காய்ச்சல்காரரிடம் நோகுதோ. பார்க்க வந்த சொந்தக்காரரிடமும் நோகுதோ. எனக்குக் காலை வணக்கமும் அதுதான்.

மற்ற வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பார்கள். இவர் மட்டும் சனிக்கிழமை. ஏதோ அவர்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை பொம்மர் வந்து குண்டு கொட்டிவிட்டுப் போனது. காயக்காரரைக் கொண்டுவந்து இறக்கும்போது, கையுறையோடு முதல் ஆளாக நின்றவர் மரியம் டொக்டர்தான். அடுத்த நாள் காலைவரை அவர் உட்காரவில்லை.

இப்படி ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடாவிட்டால் நான் என்ன குருநகர்க்காரன்?

யுத்தத்தால் எங்கள் கரையில் ஒருவரும் கடலுக்குப் போகத் தடை இருந்த நேரம். என் மனைவி றெஜினா மூன்று நாள் அலைந்து நாலு நண்டும், கொஞ்சம் இறாலும், ஒரு துண்டுச் சுறாவும் சேர்த்துவிட்டாள். மேசையில் எல்லாம் ஆவி பறக்க வந்தன.

டொக்டர் சோறு எடுத்தார். பருப்பு எடுத்தார். கத்தரிக்காய் எடுத்தார். கை நண்டுச் சட்டியைத் தாண்டிப் போனது. இறாலையும்… சுறாவையும்…

றெஜினாவின் முகம் விழுந்துவிட்டது. "வெள்ளைக்காரிக்கு எங்கடை சமையல் அரியண்டமாக்கும்" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள்.

டொக்டருக்குத் தமிழ் விளங்கவில்லை. முகம் விளங்கிவிட்டது.

"அவரிடம் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "சமையலில் குறையில்லை. செதிலும் செட்டையும் இல்லாத எதையும் கடலிலிருந்து எடுத்துச் சாப்பிட எங்களுக்கு அனுமதியில்லை. நான் யூதப் பெண்."

நான் சோற்றை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

யூதர் என்ற சொல்லைக் மாதா கோயிலில் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஒரு யூதரைக் கண்ணால் கண்டதில்லை. நம்மில் யார்தான் கண்டிருக்கிறோம்? மேடையில் ஏறினால் "யூதரைப் பாருங்கள், நாடில்லாமல் அலைந்து நாடு கண்டவர்கள்" என்போம். இறங்கினால் "ஆமிக்குப் பயிற்சி குடுத்த ஆக்கள்" என்போம். இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்கிறோம்!

றெஜினாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் யோசித்தாள். "நண்டும் இல்லை, இறாலும் இல்லை, சுறாவும் இல்லையோ? கணவாய்? அதுவும் இல்லையோ? இஞ்சேருங்கோ, அப்ப அவையின்ரை கடவுள் குருநகர்ப் பக்கம் வரேல்லை!"

அதையும் மொழிபெயர்த்தேன். டொக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த முறைக்குச் செதிலுள்ள விளைமீன் வாங்குவதென்று றெஜினா அப்போதே முடிவு செய்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. கேள்விகளை அடுக்கினேன்.

"உங்கள் கடவுள் யார்?"

"ஒரே ஒருவர். உருவமில்லை. சிலையில்லை. படமில்லை." சுவரில் இருந்த யேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சேர்த்தார்: "மகனும் இல்லை."

"அப்படியானால் யேசு…?"

"யேசு யூதராகப் பிறந்து யூதராக வளர்ந்தவர். அவருடைய அம்மாவின் பெயரும் மிரியாம்தான். ஆனால் வரவேண்டிய மீட்பரான மெசியா அவரென்று நாங்கள் ஏற்கவில்லை. இன்னும் காத்திருக்கிறோம்."

தொடக்கத்தைக் கேட்டேன். ஆபிரகாம் என்ற மனிதரோடு கடவுள் செய்துகொண்ட உடன்படிக்கையில் தொடங்கினார். அவருடைய சந்ததி எகிப்தில் அடிமைப்பட்டது, மோசே மீட்டுவந்தது, சீனாய் மலையில் கட்டளைகள் கிடைத்தது – இதெல்லாம் எனக்கும் தெரிந்த கதைதான். ஆனால் நான் படித்தபோது அது கதை. அவர் "நாங்கள் அடிமைகளாக இருந்தோம்" என்றார். அவர்கள் இல்லை – நாங்கள்! அந்த மீட்பை நினைக்கும் பாஸ்கா விருந்தில் எல்லா யூதரும் இப்படித்தான் சொல்லவேண்டுமாம், தாங்களே எகிப்திலிருந்து வெளியேறியதுபோல.

"எருசலேமில் எங்களுக்கொரு கோயில் இருந்தது. இரண்டு தரம் இடித்தார்கள். சனம் உலகமெங்கும் சிதறியது. கையில் மிஞ்சியது தோரா – மோசேயின் ஐந்து புத்தகங்கள். ஓடும்போது அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம்."

நான் கதவுப் பக்கம் பார்த்தேன். ஓடவேண்டி வந்தால் தூக்குவதற்கென்று காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த எங்கள் பை அதற்குப் பின்னால்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை உங்கள் ஓய்வுநாள் அல்லவா? அன்றைக்குப் பொம்மர் வந்தபோது வந்தீர்களே?"

"உயிரைக் காப்பாற்றுவதற்காக ஓய்வுநாளை மீறலாம். இல்லை, மீறியே ஆகவேண்டும். அதுவும் எங்கள் சட்டம்தான்."

"நான் யூதனாக மாறலாமா?"

"மாறலாம். ஆனால் நாங்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. வந்தாலும், கஷ்டம் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வோம். தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர். நம்பாவிட்டாலும் யூதர்தான். என் அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள் தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருப்பார். ஏனப்பா என்றால், 'என் அப்பா இருந்தார்' என்பார்."

சமயமா, இனமா, குடும்பமா? மூன்றும்தான் போலிருக்கிறது.

விடைபெறும்போது டொக்டர் படலையடியில் நின்று ஒன்று கேட்டார். "இதை ஊரில் சொல்லவேண்டாம். இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தில் என் அம்மாவை ஒரு கன்னியர் மடத்தில் வேறு பெயரில் ஒளித்து வைத்திருந்தார்கள். சொல்லாமல் இருப்பது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம்."

நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன் – யாரிடமும் சொல்லமாட்டேன்.

பதினொரு நாள் காப்பாற்றினேன்.

எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு தவக்காலத்திலும், யேசு சிலுவையில் அறையப்பட்ட கதையை, திருப்பாடுகளின் நாடகமாகப் போடுவார்கள். வசனம் எழுதுவது நான். அதிலும் யேசுவைக் கொல்லச் சொல்லும் யூதக் கூட்டத்துக்கு நான் எழுதிய வசனங்கள் ஊரில் பிரசித்தம். தேங்காய்த் தும்பில் தாடி செய்து ஒட்டிய இருபது பேர் பல்லை நெரித்துக்கொண்டு கத்துவார்கள். பார்த்திருக்கும் சனம் ஆத்திரத்தில் மண்ணை அள்ளி எறியும். ஒவ்வொரு பிடி மண்ணும் எனக்குக் கிடைத்த கைதட்டல் என்று வருடாவருடம் மகிழ்ந்திருக்கிறேன்.

அந்த வருடம் மகிழ முடியவில்லை. மாற்றிவிடுவோம் என்று நினைத்தேன்.

நாடகத்தை நடத்துகிறவர் கிறகோரி அண்ணை. கடற்றொழிலாளி. தம்பியைக் கடலில் பறிகொடுத்தவர் – கடற்படையின் டோறாப் படகு துரத்திவந்து சுட்டதில். டோறா யூதரின் நாட்டில் செய்த படகு என்பது குருநகரில் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஒத்திகையில் அவரிடம் சொன்னேன். "அண்ணை, இந்தமுறை யூதர் எண்ட சொல்லை எடுத்துப்போட்டுச் சனம் எண்டு போடுவம். தாடியும் வேண்டாம்."

"ஏன் மாஸ்ரர்?"

"யேசுவும் யூதர்தானே அண்ணை. மாதாவும் யூதர்தானே."

"உதென்ன புதுக்கதை? ஆர் உமக்கு உதெல்லாம் சொல்லித் தந்தது?"

தாடி ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இருபது பேரின் சிரிப்பு.

அந்த இடத்தில் "புத்தகத்திலை வாசிச்சன்" என்று சொல்லியிருக்கலாம். அல்லது பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் மாஸ்ரர் அல்லவா? என்னைப் பார்த்து இவர்கள் சிரிப்பதா?

"மரியம் டொக்டர் சொன்னவ. அவ யூதப் பொம்பிளை. தோரா எல்லாம் படிச்சவ."

சிரிப்பு நின்றது.

"என்னது? டோறாவோ?" என்றார் கிறகோரி அண்ணை.

"தோரா, அண்ணை. அவையின்ரை வேதப் புத்தகம்."

"அதுதானே மாஸ்ரர் என்ரை தம்பியைச் சுட்டது."

அவர் பகிடி விடவில்லை. கண் சிவந்திருந்தது.

நியாயத்துக்காகத்தான் வாய் திறந்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டியிருந்தது நியாயமல்ல. சிரிப்பு நிற்கவேண்டும் – அவ்வளவுதான். அதற்கு அடுத்தவருடைய இரகசியம் கைக்கு வசதியாக இருந்தது.

வசனம் மாறவில்லை. தாடியும் போகவில்லை. செய்தி மட்டும் அன்றைக்கே கரையெல்லாம் போய்விட்டது.

டொக்டரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாடகத்துக்கு வரமாட்டார் என்று நம்பிக்கொண்டேன். ஆனால் வந்தார்! விஷயம் தெரியாத யாரோ ஒரு நோயாளியின் தாய் கூப்பிட்டிருக்கிறார். முன்வரிசையில், பங்குக் குருவான சுவாமிக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருந்தார்.

மண்ணெண்ணெய் இல்லாத காலம் என்பதால் நாடகம் பின்னேர வெயிலிலேயே நடந்தது. எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரிந்தது. தும்புத் தாடிகள் மேடையேறி, நான் எழுதிய வசனத்தைக் கத்தின. சனம் வழக்கம்போல மண்ணை அள்ளியது.

ஆனால் எறியவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி டொக்டரைப் பார்த்தன.

அவர் மேடையைப் பார்த்தார். தாடிகளைப் பார்த்தார். தன்னைப் பார்க்கும் முகங்களைப் பார்த்தார். கடைசியாக, பக்கத் திரையடியில் நின்ற என்னைப் பார்த்தார். விளங்கிக்கொள்ள அவருக்குத் தமிழ் தேவைப்படவில்லை.

நாடகம் முடியும்வரை எழும்பாமல் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து வார்டில் ஒரு தாய், கட்டுப் போட வந்த டொக்டரின் கையைத் தட்டிவிட்டு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கு வேறை டொக்டர் வேணும்."

மொழிபெயர்க்கவேண்டியவன் நான். "நாளைக்குக் கட்டலாமாம்" என்றேன்.

"நீங்கள் நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லை" என்றார் டொக்டர், மெதுவாக.

"ஆராயிருந்தாலென்ன, கைராசியான மனிசி" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் உளவு பார்க்க வந்தவராம், வரைபடம் கீறுகிறாராம் என்ற கதை அதைவிட வேகமாக ஓடியது. அவர் இங்கே இருப்பது பாதுகாப்பில்லை என்று குழு முடிவு செய்தது.

நான் என்ன செய்தேன்? கோயிலுக்குப் போய்ச் சுவாமியிடம் செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செபங்களைச் சொல்லி முடித்தேன். நெஞ்சுப் பாரம் இறங்கியது போலிருந்தது. அந்தத் தைரியத்தில், அவர் புறப்படும் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முற்றத்தில் ஒரு பையோடு தனியாக நின்றார்.

"பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன்" என்றேன். "கடவுள் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்."

அவர் கோபிக்கவில்லை. "எங்களில் அது வேறு மாதிரி" என்றார். "கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும். அதில் கடவுள்கூடத் தலையிடமாட்டார். நேரே போய்க் கேட்கவேண்டும். உண்மையாகக் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். "அருமையான கருத்து. பத்தியில் எழுதலாமா?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு, "எழுதுங்கள்" என்றார்.

வாகனம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். வெறும் முற்றம். அவர் எனக்குச் சமய பாடம் நடத்தவில்லை. நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அடுத்த வருட நாடகத்தில் யூதர் என்ற சொல்லை நானே வெட்டினேன். கிறகோரி அண்ணை தடுக்கவில்லை. தாடிகளையும் அவரே எடுத்துவிட்டார். யாருக்குப் பிரயோசனம்? முன்வரிசையில் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது.

நேரில்தான் கேட்கவேண்டுமா, கடிதத்தில் கேட்கக்கூடாதா என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மூன்று தரம் உட்கார்ந்து தொடங்கினேன். மூன்று தரமும், பாதியிலேயே அது கடிதமாக இல்லாமல் பத்தியாகிவிட்டது.

இது நாலாவது.