மடியில் வைத்த கட்டை

திருப்பதி மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. நான் புதிதாகக் கார் ஓட்டப் பழகியவள். கிளட்ச் கருகும் வாசனை வந்தது.

நைனாவின் பழைய வேனிலும் இதே வாசனைதான். அதில் ஹேண்ட்பிரேக் பிடிக்காது. புத்தூர்ப் பக்கம் மேட்டில் நின்றால், அம்மா மரக்கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைப்பாள்.

“கட்டை போட்டியா?” என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நைனா கத்துவார்.

“போட்டுக்கினுதானே கீறேன், கத்தாதய்யா!”

மற்ற நேரமெல்லாம் கட்டையை மடியில் வைத்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். அவள் சாய்ந்து நான் பார்த்ததேயில்லை.

முன்வண்டி நகர்ந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் என் கால் பிரேக்கை விடவில்லை. பின்னால் ஷேர் ஆட்டோ ஒட்டி நின்று ஹாரன் அடித்தது.

“பின்னால போவாதும்மா, காலை எடு,” என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த என் மகள். நன்றாகச் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்தேன். காலை எடுத்தேன்.